மோசமான சாலையைத் தேடி ஐந்து நாள்: பாரிஸ்–ரூபே

முதல் நாள் – வியாழன், ஏப்ரல் 10, 2025

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லா ஷப்பல் வந்துவிடுகிறது. கடைப் பலகைகளில் தமிழ், கூடையில் முருங்கைக்காய், காற்றில் பொரிக்கிற வாசனை. ஒரு தேநீரும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். எங்கே பயணம் என்று கடைக்கார அண்ணர் விசாரித்தார். வடக்கே போகிறேன், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயம் நடக்கப்போகிற சாலையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"றோட்டைப் பாக்கவோ தம்பி இந்தியாவில இருந்து வந்தனீங்கள்?"

சிரித்து மழுப்பிவிட்டேன். அது நல்ல சாலைகூட இல்லை என்று சொல்லியிருந்தால் தேநீருக்குக் காசு வாங்காமலே அனுப்பியிருப்பார், பாவம் என்று. வயலுக்கு வண்டி போய்வருவதற்காக அந்தக் காலத்தில் கல் பாவிய, ஒரு வண்டி அகலப் பாதைகள் அவை. பாரிஸ்–ரூபே பந்தயத்தின் மொத்தத் தூரம் இந்த வருஷம் 259 கிலோமீட்டர். அதில் 55 கிலோமீட்டர் அப்படிப்பட்ட கல். 30 துண்டுகளாக வரும்; எண்ணிக்கை தலைகீழாக 30இல் தொடங்கி 1இல் முடியும். கல்லுக்குப் பிரெஞ்சில் 'பவே' என்று பெயர். நாம் 'கல் பாவுவது' என்கிறோம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஆனாலும் எனக்கு அந்தச் சொல் சுலபமாக நாக்கில் ஒட்டிக்கொண்டது.

பெயர்தான் பாரிஸ்–ரூபே. 1977 முதல் பந்தயம் கிளம்புவது பாரிஸிலிருந்து அல்ல, அதற்கு வடக்கே கொம்பியேன் என்ற ஊரிலிருந்து. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரண்மனைக்கு முன்னால் பெரிய திடல். அங்கேதான் ஞாயிறு காலை வீரர்கள் கூடுவார்கள். இன்றைக்குச் சில இரும்புத் தடுப்புகளையும், அவற்றின் மேல் சாய்ந்து சிகரெட் பிடித்த இரண்டு பேரையும் தவிர ஒன்றுமில்லை. பக்கத்துக் காட்டில் ஒரு ரயில் பெட்டியில்தான் 1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப்போரை நிறுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே போக நேரமில்லை. ஆனால் அந்தப் போர் நாளைக்கு மறுபடி வரும்.

தொடக்கக் கதையை ரயிலிலேயே எழுதிவிடுகிறேன். ரூபே ஒரு நெசவு ஊர். ஆயிரம் புகைபோக்கி நகரம் என்று அதற்குப் பட்டப்பெயர். தியோடோர் வியேன், மொரீஸ் பெரெஸ் என்று இரண்டு மில் முதலாளிகள் 1895இல் அங்கே ஒரு சைக்கிள் மைதானம் கட்டினார்கள். வெலொட்ரோம் என்பார்கள், கிண்ணம் போல ஓரம் உயர்ந்த வட்டப் பாதை. கட்டியாயிற்று, கூட்டம் வர வேண்டுமே. பாரிஸிலிருந்து ஒரு பந்தயம் கிளம்பி நம் மைதானத்தில் வந்து முடியட்டும் என்று 'லெ வெலோ' பத்திரிகைக்கு எழுதினார்கள். அப்போது போர்தோ–பாரிஸ்தான் பெரிய பந்தயம். அதற்கு ஒரு பயிற்சி ஓட்டமாக இருக்கும் என்று பணிவாகத்தான் கேட்டார்கள். பாதையைப் பார்த்துவர விக்தோர் ப்ரெயே என்ற நிருபரை அனுப்பியது பத்திரிகை. பாதி தூரம், அமியேன் வரை, காரில் சொகுசாகப் போனவர் மீதியைச் சைக்கிளில், மழையில், கல்லின் மேல் ஓட்டிக்கொண்டு ரூபே சேர்ந்திருக்கிறார். இந்த விபரீதத்தை விட்டுவிடுங்கள் என்று தந்தி அடிக்கும் எண்ணத்தில் இருந்தாராம். அன்றிரவு சாப்பாடும் தூக்கமும் கிடைத்ததும் மனம் மாறிவிட்டது. சாப்பாடு போட்டவர்கள் மில் முதலாளிகளாக இருக்க வேண்டும், காரியம் தெரிந்தவர்கள்.

1896 ஏப்ரல் 19. முதல் பரிசு 1000 பிராங்க். ஜெயித்தவர் யோசெப் ஃபிஷர், ஜெர்மன்காரர், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார். மூன்றாவதாக வந்த மொரீஸ் காரன் புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலையிலிருந்து வந்தவர். அடுத்த இரண்டு வருஷமும் அவரே ஜெயித்தார். பிறகு 1903இல், பிரான்ஸைச் சுற்றிவரும் பல நாள் பந்தயமான தூர் து பிரான்ஸின் முதல் ஓட்டத்தையும்.

லீல் நகரத்துக்கு இரவு பத்து மணிக்கு வந்து சேர்ந்தேன். வழியில் ஒரு இணைப்பு ரயிலைத் தவறவிட்டது என் தப்பு, அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.


இரண்டாம் நாள் – வெள்ளி, அரன்பெர்க்

லீலிலிருந்து வலான்சியேன் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது சாலை அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள். ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்கியவை. 1989இல் சுரங்கம் மூடியாயிற்று, கோபுரங்கள் நிற்கின்றன. 2012இல் இந்தச் சுரங்கப் பிரதேசம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரே அச்சில் வார்த்த செங்கல் தொழிலாளர் வீடுகள் வரிசையாக. வாசலில் ஒரு பாட்டி பெருக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டி வழி காட்டினார். இந்த வாரத்தில் வெளியூர் முகம் என்றால் வேறெதற்கு வரும்?

காடு. காட்டை நூல் பிடித்து வெட்டியது போல நேர்ப் பாதை, 2300 மீட்டர். மூன்று மீட்டர் அகலம் இருக்கும். மரங்கள் இருபுறமும் நெருக்கி நிற்பதால் வெயில் சரியாக விழுவதில்லை, பாசி, ஈரம். கற்களைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். அம்மியைத் துண்டு போட்டுத் தலைகீழாகப் பதித்தது மாதிரி ஒவ்வொன்றும் முதுகு வளைந்து கிடக்கிறது. இரண்டு கல்லுக்கு நடுவே என் நான்கு விரல் உள்ளே போகிறது. நடக்கும்போதே கணுக்கால் மடங்குகிறது. இதில் வீரர்கள் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நுழைகிறார்கள். 2024இல் வேகத்தைக் குறைக்க நுழைவாயிலுக்கு முன்னால் ஒரு வளைவுத் தடுப்பு வைத்தார்கள். அதுவே ஆபத்து என்று ஒரு தரப்பு சண்டை போட்டது.

இந்தப் பாதை பந்தயத்துக்குள் வந்தது 1968இல்தான். இந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன், கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

1950கள், 60களில் பிரான்ஸ் தார் போட ஆரம்பித்தது. பந்தயம் போகும் ஊர்களின் மேயர்களுக்குக் கல் பாதை என்றால் வெட்கம். தொலைக்காட்சி வேறு வந்துவிட்டது. நம் ஊரைப் பட்டிக்காடு என்று நாடே பார்க்கிறதே என்று வருஷா வருஷம் ஒவ்வொரு பாதையாகத் தாரால் மூடினார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாதையில் பால் கேனோடும் குழந்தையோடும் போகிறவர்களுக்குத் தார்தான் வேண்டும். ஆனால் கல் போனால் பந்தயமும் போய்விடும். சாதாரணச் சாலையில் கூட்டமாக வந்து கடைசி 200 மீட்டரில் முந்துகிற இன்னொரு ஓட்டமாகிவிடும். பந்தயத்தை நடத்திய ழாக் கொடே தன் ஆள் அல்பேர் பூவேயை அனுப்பினார்: போய் எங்காவது கல் மிச்சமிருக்கிறதா பார்.

பூவே கேட்ட ஆட்களில் ஒருவர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். பதின்ம வயதில் இதே அரன்பெர்க் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர், சைக்கிளில் தப்பித்து 1962இல் உலக சாம்பியன் ஆனவர். காட்டுக்குள் ஒரு பாதை இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். பார்த்துவிட்டுக் கொடே திகைத்துப்போனாராம். நான் கல் கேட்டேன், குழி கேட்கவில்லையே என்கிற தொனியில் ஏதோ சொன்னதாகக் கதை. அந்த வருஷம் ஜெயித்தவர் எடி மெர்க்ஸ். பாதையின் வாயிலில் ஸ்தாப்லின்ஸ்கிக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இந்தப் பாதையின் மேலேயும் அதற்கு அடியிலேயும் போய்வந்த ஒரே வீரர் அவர்தான் என்பார்கள். அதற்கு முன்னால் நின்றபோது காலுக்குக் கீழே எத்தனை ஆழத்தில் அந்தப் பையன் வேலை செய்தான் என்ற நினைப்புதான் வந்தது; பந்தயம் ஞாபகத்தில் இல்லை.

1998இல் பெல்ஜிய வீரர் யோஹான் முசேவ் இங்கே விழுந்து முழங்கால் சில் நொறுங்கியது. அதைவிடக் காயத்தில் சேர்ந்த மண் மோசம். சீழ் பிடித்துக் காலையே எடுக்க வேண்டிய நிலை வரை போனார். இரண்டு வருஷம் கழித்து 2000இல் ஜெயித்து, கோட்டைத் தாண்டும்போது காலைத் தூக்கி அந்த முழங்காலைச் சுட்டிக் காட்டினார். 2005இல் பாதை மிகவும் கெட்டுப்போனதால் ஒரு வருஷம் பந்தயம் இந்தப் பக்கம் வரவில்லை. கெட்ட சாலை என்று தேடிவந்த சாலையை, கெட்டுவிட்டது என்று பழுதுபார்த்தார்கள்! கெட்டதிலும் ஒரு பதம் இருக்கிறது. அதைக் காப்பதற்கென்றே 'லெ சாமி து பாரிஸ்–ரூபே' என்று ஒரு நண்பர் சங்கம், தொண்டர்கள்தான். கல்லைப் பெயர்த்து, மண்ணைச் சமன்படுத்தி, அதே கல்லை அதே கோணலோடு திரும்பப் பதிக்கிறார்கள். சமீப வருஷங்களில் இடுக்கில் முளைக்கும் புல்லை மேய ஆட்டு மந்தையை விட்டிருக்கிறார்கள். பாதைப் பக்கத்து மேயர்களும் மாறிவிட்டார்கள்; தார் போட்டதை எண்ணி வருந்தி, எங்கள் ஊர்க் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுப் போடுகிறார்களாம்.

இந்தப் பந்தயத்துக்கு 'வடக்கின் நரகம்' என்று பெயர். கல்லால் வந்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 1919இல் போர் முடிந்து ஐந்தே மாதத்தில் பந்தயத்தை மறுபடி நடத்த முடியுமா என்று பார்க்க பாரிஸிலிருந்து ஒரு குழு வந்தது. வடக்கே வர வர மரமில்லை, வீடில்லை, மாடில்லை. குண்டுக் குழியும் சேறும் சிலுவைகளும்தான். அதைப் பார்த்தவர்கள் எழுதிய சொல் நரகம். அந்த வருஷம் ஜெயித்த ஆன்றி பெலிசியே, ரயில்வே கேட்டில் ஒரு ரயில் மறித்து நின்றதும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு பெட்டிக்குள் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனார் என்கிறார்கள். நம் ஊரில் அது பந்தயத்தில் சேர்த்தியில்லை, தினசரி.

அவருக்கு முன்னால் ஜெயித்தவர்களில் ஒக்தாவ் லபீஸ் 1909, 1910, 1911 என்று மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தவர். 1917இல் போர் விமானியாக இறந்தார். 1913இல் ஜெயித்த பிரான்சுவா ஃபாபேர் 1915 மே மாதம் இதே வடக்கில், ஆர்த்வா போர்முனையில் இறந்தார். பந்தயப் பட்டியலில் 1914க்குப் பிறகு நாலு வருஷம் வெறுமையாக இருக்கிறது.

திரும்பும் பேருந்து வரவில்லை. ஒன்றேகால் மணி நேரம் நின்றேன்.


மூன்றாம் நாள் – சனி, கர்ஃபூர் த லார்ப்ர்

இன்றைக்கு எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. லீலில் ஒரு வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, பந்தயத்தின் கடைசிக் கடுமையான கல் துண்டை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். முன்னால் கூடை வைத்த, காய்கறி வாங்கப் போகிற சைக்கிள். 'மரச் சந்திப்பு' என்று பொருள்படும் கர்ஃபூர் த லார்ப்ர், சுமார் 2100 மீட்டர். அரன்பெர்க், மோன்ஸான்பெவெல், இது – கடுமைக்காக இந்த மூன்றுக்கும்தான் எப்போதும் ஐந்து நட்சத்திரம். ஓட்டல் நட்சத்திரத்துக்கு நேர் எதிர்.

முதல் 50 மீட்டரில் தண்ணீர் பாட்டில் கூடையிலிருந்து குதித்து வயலுக்குள் போய்விட்டது. 100 மீட்டரில் செயின் கழன்றது. மாட்டிக்கொண்டு ஏறினால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்ச்சி தோள் வரை ஏறுகிறது. பல் தந்தி அடிக்கிறது. இறுக்கிப் பிடிக்காதே என்று எதிரே நடந்துவந்த ஒருவர் சைகை செய்தார். பியானோ வாசிப்பது போல விரலைத் தளர்த்திக் காட்டினார். சரிதான், தளர்த்தியதும் சைக்கிள் தானாக வழி தேடிக்கொள்கிறது. மெதுவாகப் போனால் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழ வேண்டும், வேகமாகப் போனால் கல்லின் தலைகளை மட்டும் தொட்டு மிதந்துவிடலாம் என்பது வீரர்களின் கணக்கு. அந்த வேகம் என் காலில் இல்லை. பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

பிற்பகலில் பெண்கள் பந்தயம். வரப்பில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஹெலிகாப்டர், அப்புறம் மோட்டார் சைக்கிள்கள், அப்புறம் ஒரு சத்தம்: கல்லின் மேல் மெல்லிய டயர்கள் போகும் கடகடப்பு, செயின் சட்டத்தில் அடிக்கிற ஒலி. ஓரத்தில் குழு ஆட்கள் இரண்டு கையிலும் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பஞ்சரானால் மாற்ற. முகங்களில் மண். நான் பாதி தள்ளிய பாதையை அவர்கள் சில நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். ஜெயித்தவர் போலின் ஃபெரான்–ப்ரெவோ என்று பிறகுதான் தெரிந்தது. போன வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளில் தங்கம் வாங்கியவர். இந்தப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் ஜெயித்த முதல் பிரெஞ்சுக்காரர்.

பெண்கள் பிரிவு தொடங்கியதே 2021 அக்டோபரில்தான். ஆண்களுக்கு 1896, பெண்களுக்கு 125 வருஷம் கழித்து. முதல் பந்தயத்தில் பிரிட்டனின் லிஸ்ஸி டெய்க்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக, மழைச் சேற்றில் ஓட்டி ஜெயித்தார். கையுறை போடவில்லை, கைப்பிடித் துணியில் ரத்தம். பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆண்களில் ஜெயித்தவருக்கு 30,000. என் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.


நான்காம் நாள் – குருத்தோலை ஞாயிறு, ரூபே

காலையில் லீல் தெருவில் பச்சைக் கொத்துகளைக் கையில் பிடித்தபடி கோயில் முடிந்து வருகிறவர்கள். இங்கே ஓலை கிடையாது, ஏதோ புதர்ச்செடிக் கிளை. ஓட்டுநர் இல்லாத மெட்ரோவில் ரூபே போனேன்.

மில் முதலாளிகள் கட்டிய முதல் வெலொட்ரோம் இப்போது இல்லை. இது 1936இல் கட்டியது. 1943 முதல் பந்தயம் இங்கேதான் முடிகிறது. நடுவில் 1986 முதல் 1988 வரை மூன்று வருஷம் மட்டும் ஊருக்குள் ஒரு சாதாரணச் சாலையில் முடித்துப் பார்த்து, மனசாகாமல் திரும்பிவந்துவிட்டார்கள். பழைய சிமென்ட் பாதை, நடுவில் புல். அனுமதி இலவசம். பதினொரு மணிக்கே போய்ப் புல்லில் இடம் பிடித்தேன். பெரிய திரையில் பந்தயம்.

ததேய் பொகாச்சருக்கு இது முதல் பாரிஸ்–ரூபே. தூர் து பிரான்ஸ் ஜெயிக்கிற எடை குறைந்த உடம்புக்காரர்கள் இங்கே வருவதே அபூர்வம். விழுந்தால் வருஷமே போச்சு. பெர்னார் ஈனோ 1981இல் வந்து, ஜெயித்து, இந்தப் பந்தயத்தை வாயாரத் திட்டிவிட்டுப் போனார். பொகாச்சரும், போன இரண்டு வருஷமும் இங்கே ஜெயித்த மத்தியூ வான் டர் பூலும் தனியாகப் பிரிந்து வந்தபோது என்னைச் சுற்றி யாரும் உட்காரவில்லை. 38 கிலோமீட்டர் மிச்சம் இருக்கையில் ஒரு வளைவில் பொகாச்சர் வேகத்தைத் தப்பாகக் கணித்து ஓரத்துக்குப் போனார். மைதானமே ஒரே குரலில் "ஓ" என்றது. அவ்வளவுதான். வான் டர் பூல் தனியாக உள்ளே வந்து ஒன்றரைச் சுற்று சுற்றினார். எதிர்ப் பக்கத்து ஆட்கள் எழும் சத்தம் வட்டமாக எங்களை நோக்கி வந்து எங்களையும் எழுப்பிவிட்டுப் போனது. ஐந்தரை மணி நேரத்தில் முடித்திருக்கிறார். பொகாச்சர் 1 நிமிடம் 18 நொடி பின்னால்.

தொடர்ந்து மூன்றாவது வெற்றி. லபீஸுக்குப் பிறகு இத்தாலியின் மோசர் 1978 முதல் 1980 வரை செய்தார், இப்போது இவர். கோப்பைக்குப் பதிலாக ஒரு பவே கல்லைப் பீடத்தில் பொருத்திக் கொடுக்கிறார்கள். தலைக்கு மேல் தூக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

பக்கத்தில் இருந்த பெரியவர் 1949 கதையைச் சொன்னார், எனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் கேட்டுக்கொண்டேன். முன்னால் வந்த அந்த்ரே மாயேயை மைதானத்துக்கு வெளியே தப்பான வழியில் திருப்பிவிட்டார்கள். அவர் சுற்றிக்கொண்டு பத்திரிகையாளர் பக்கத்து வாசல் வழியாக உள்ளே வந்து ஜெயித்தார். பின்னால் சரியான வழியில் வந்த கூட்டத்தில் முதலாவது செர்ஸே கோப்பி, புகழ்பெற்ற வீரர் ஃபாவுஸ்தோ கோப்பியின் தம்பி. மாதக்கணக்கில் வழக்கு நடத்திக் கடைசியில் இரண்டு பேரும் வெற்றியாளர் என்று தீர்த்தார்கள்.


ஐந்தாம் நாள் – திங்கள், சித்திரை 1

வருஷப் பிறப்பு. ரயில் மூன்று மணிக்கு. காலையில் மறுபடி ரூபே போனேன்.

வெலொட்ரோமுக்குச் சற்று முன்னால் கடைசிக் கல் துண்டு, 300 மீட்டர். பந்தயத்துக்காகப் புதிதாகப் பதித்தது. அதனால் கல்லெல்லாம் நல்ல பிள்ளைகள். ஷார்ல் க்ரூப்லாந் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக்காரர், 1912, 1914 இரண்டிலும் ஜெயித்தார், போரில் பதக்கம் வாங்கினார். பிறகு ஏதோ வழக்கில் தண்டனை பெற்று வாழ்நாள் தடை. கடைசிக் காலத்தில் கண்ணும் போய், கால்களும் எடுக்கப்பட்டு இறந்தார். ஒவ்வொரு வருஷத்து வெற்றியாளர் பெயரும் பொறித்த கற்கள் நடுவில் இருக்கின்றன. நாலு நாலு முறை ஜெயித்த டி விளாமின்க்கையும் போனனையும் தேடிக் கண்டுபிடித்தேன். ஃபாபேரையும்.

மைதானத்தில் பிளாஸ்டிக் குவளைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். குளியலறையைப் பார்க்கலாமா என்று அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன். துடைப்பத்தை வைத்திருந்தவர் தலையை ஆட்டினார், சீக்கிரம் என்று.

இடுப்புயரச் சிமென்ட் தடுப்புகள், மாட்டுத் தொழுவம் மாதிரி. ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு பித்தளைத் தகடு, அதில் ஜெயித்தவர் பெயரும் வருஷமும். மேலே குழாய், இழுக்க ஒரு சங்கிலி. அந்தக் காலத்தில் ஜெயித்தவர், தோற்றவர், பாதியில் விழுந்து வண்டியில் வந்தவர் எல்லோரும் இங்கேதான் சேற்றைக் கழுவினார்கள். இப்போது குழுப் பேருந்துகளிலேயே வெந்நீர் இருப்பதால் சிலர்தான் வருகிறார்கள். தரையில் நேற்றைய மண் கொஞ்சம் காய்ந்து கிடந்தது.

மெர்க்ஸ் தகட்டைப் படம் எடுக்கும்போது அலைபேசி அடித்தது. அம்மா.

"வருஷப் பொறப்பு அன்னிக்கு எங்கடா இருக்க? தலைக்குக் குளிச்சியா?"

"குளிக்கிற எடத்துலதான்மா நிக்கிறேன்" என்றேன்.